வாத்தியார் வீட்டு வாசலில் குருத்தோலை

அப்போலோனியா என்பது ஞானஸ்நானப் பெயர். ஊரில் அவளை எல்லோரும் லோனி என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் தீவுக் கிராமமான ஓஹோய்வட்டிலிருந்து படகேறித் துவால் நகரத்துக்குப் போய்ப் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். போனவர்கள் போனவர்கள்தான். ஆண்கள் சோரோங் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள், பெண்கள் துணிக்கடைகளில் நின்றார்கள். லோனியும் அப்படிப் போயிருக்க வேண்டியவள்தான். அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, கொப்பரை காயவைக்க ஆள் இல்லை என்று ஒரு மாதம் இருந்துவிட்டுப் போக வந்தாள். அந்த ஒரு மாதத்துக்குள் செல்சுஸ் அவளைச் சிரிக்கவைத்துவிட்டான். அப்புறம் இரண்டு பிள்ளைகள், கரையோரம் கடற்பாசி கட்டும் கயிறுகள், மேட்டில் மரவள்ளித் தோட்டம். முப்பத்துநாலு வயது ஆகிவிட்டது.

ஆறு வருடத்துக்கு முன், மூத்தவன் ரிக்கி நாலாம் வகுப்பில் இருந்தபோது ஊர்ப் பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தது. அப்போதிருந்த வாத்தியார் விடுமுறைக்குப் போனவர் திரும்பவே இல்லை. அடுத்தவர் வருவதற்குள் கிட்டத்தட்ட ஒரு வருடம் போய்விட்டது. அந்த வருடத்தில் பையன்கள் எல்லோரும் நல்ல நீச்சல்காரர்கள் ஆனார்கள். பள்ளிக்கூடம் திறந்தபோது ரிக்கியால் பலகையில் எழுதியதைப் படிக்க முடியவில்லை. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு வாரம் போனான், அதோடு சரி. இப்போது சூரை மீன் பிடிக்கும் படகில் வேலை செய்கிறான். வீட்டுக்கு எதையும் எழுதி அனுப்பமாட்டான், குரலைப் பதிவு செய்துதான் அனுப்புவான். மற்ற பையன்களும் அப்படித்தான் அனுப்புகிறார்கள் என்று செல்சுஸ் சொல்வான். மற்ற பையன்கள் சோம்பலால் அப்படிச் செய்கிறார்கள் என்பது லோனிக்குத் தெரியும். ரிக்கி எதனால் செய்கிறான் என்பதும் தெரியும்.

இளையவள் நிக்கா ஆறாம் வகுப்பு. இன்னும் சில மாதத்தில் தேர்வு. தேறினால் துவாலில் கன்னியர் நடத்தும் விடுதியில் தங்கி மேலே படிக்கலாம். லோனியின் கணக்கெல்லாம் அந்தத் தேர்வைச் சுற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது ஹெரி சார் எல்லோர் முன்னாலும் சொன்னார், எனக்கு நிரந்தர வேலை கிடைத்துவிட்டது, துவாலில் ஒரு பள்ளி, வியாழக்கிழமை படகில் கிளம்புகிறேன் என்று. ஹெரி சார் புளோரஸ் தீவுப் பக்கத்துக்காரர். மூன்று வருடம் தனியாளாக ஆறு வகுப்புகளையும் பார்த்துக்கொண்டவர். கைகுலுக்கியவர்கள் குலுக்கினார்கள். லோனி குலுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்கே போய்க் கேட்டாள்.

"சார், பரீட்சை முடியற வரைக்கும் மட்டும் இருங்க சார்."

"திங்கக்கிழமை அங்க போய் நிக்கலைன்னா வேலையை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க அக்கா."

"அப்ப எங்க புள்ளைங்க?"

"புது வாத்தியாரை அனுப்பறோம்னு சொல்லியிருக்காங்க."

"எப்ப?"

அவர் கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். துவாலில் தாய் வீட்டில் இருக்கும் அவர் மனைவி, கையில் துணியில் சுற்றிய குழந்தை. "பொறந்து ரெண்டு மாசம் ஆகுது. நான் இன்னும் தூக்கிப் பாக்கலை," என்றார். லோனி படத்தைப் பார்த்தாள். குழந்தை நன்றாகத்தான் இருந்தது. அது அவளுக்குக் கோபத்தைத்தான் கூட்டியது.

அன்று சாயங்காலம் அவள் தன் மரத்திலிருந்தே ஒரு குருத்தோலை வெட்டினாள். செல்சுஸ் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவன் தலைதூக்கிப் பார்த்தான்.

"எந்த மரத்துக்குத் தடை?"

"மரத்துக்கு இல்ல."

"கடலட்டைக்கா? அதுக்கு ஊர் கூடிப் பேசணுமே."

"வாத்தியாருக்கு."

செல்சுஸ் வலையைக் கீழே வைத்தான். "வாத்தியார் என்னடி கடலட்டையா, கட்டிவெச்சா கொழுக்கறதுக்கு?" என்றான். அவள் சிரிக்கவில்லை. அவன் மறுபடி வலையை எடுத்துக்கொண்டான்.

எங்கள் ஊரில் குருத்தோலை கட்டிவிட்டால் கட்டியதுதான். அதற்கு சாசி என்று பெயர். கட்டிய இடத்துக்குள் யாரும் கால் வைக்கமாட்டார்கள், கை நீட்டமாட்டார்கள். முன்பு ஒருமுறை கால்பந்துத் திடலின் சொந்தக்காரர் கோபத்தில் திடலுக்கே கட்டிவிட்டார். அன்று மாலை ஆட்டத்தில் விட்டுவந்த பந்து நட்டநடுவில் கிடந்தது. வெயிலில் வெளுத்து, மழையில் உப்பி, அவர் கோபம் தணியும்வரை அங்கேயே கிடந்தது. எடுக்க ஒரு பொடியன்கூட நினைக்கவில்லை.

புதன் காலை ஹெரி சார் குளிக்கக் கிணற்றடிக்குப் போனார். பின்னாலேயே லோனி போய் அவர் வீட்டு வாசலில், நிலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குருத்தோலையை இழுத்துக் கட்டினாள். பக்கத்து வீட்டு பியாத்ரிஸ் அரிசி களைந்துகொண்டே பார்த்தாள். அவள் மகனும் ஆறாம் வகுப்புதான்.

"இறுக்கிக் கட்டு," என்றாள் பியாத்ரிஸ்.

சார் இடுப்பில் கைலி, தோளில் துண்டு, கையில் சோப்புப் பெட்டியோடு திரும்பி வந்தார். வாசலுக்கு வந்ததும் நின்றார். அதற்குள் ஊரில் பாதி அங்கே கூடிவிட்டது. உள்ளே அவருடைய பெட்டி கட்டித் தயாராக இருந்தது. சன்னல் வழியாகப் பார்த்தால் தேய்த்து மாட்டிய வெள்ளைச் சட்டை தெரிந்தது.

"யார் கட்டினது?"

"நான்தான் சார்," என்றாள் லோனி.

"என் சட்டை உள்ள இருக்கு அக்கா."

"தெரியும் சார்."

படகோட்டி ரொமானுஸ் கூட்டத்தில் இருந்தான். வியாழக்கிழமைகளில் துவாலுக்குப் படகு விடுபவன், பேச்சில் அடங்காதவன். "சார், ஓலை வாசல்லதான் கட்டியிருக்கு. சன்னலுக்குக் கட்டலையே! ஏறிக் குதிச்சா ஒண்ணும் ஆகாது," என்றான்.

"நீ குதிச்சுக் காட்டு பாப்போம்," என்றாள் பியாத்ரிஸ்.

"எனக்கு எதுக்கு? என் சட்டை என் மேலதான் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார், ஆனால் நகரவில்லை. குனிந்தால் போதும், ஓலைக்குக் கீழே உள்ளே போய்விடலாம். அவர் வெளியூர்க்காரர், போனால் யாரும் அடிக்கப் போவதில்லை. லோனி அவர் அருகே போய்த் தணிந்த குரலில், "போறதுன்னா போயிடுங்க சார். உங்களுக்கு இது வெறும் ஓலைதானே," என்றாள். அவர் போய்விட்டால் தேவலை என்றுகூட ஒரு நொடி அவளுக்குத் தோன்றியது. போயிருந்தால் அவரைத் திட்டலாம், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

சார் கிணற்றடிப் பக்கம் பார்த்தார். அங்கே பிள்ளைகள் வரிசையாக மதில்மேல் உட்கார்ந்திருந்தார்கள், நிக்காவும் அதில் ஒருத்தி.

"புள்ளைங்க பாத்துட்டு இருக்காங்க அக்கா," என்றார். "மூணு வருஷமா அதுங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுத்திருக்கேன், கட்டினதைத் தாண்டக்கூடாதுன்னு. இப்ப நானே தாண்டினா?"

யாரோ ஒரு பையன் ஓடிப்போய்த் தன் அண்ணனுடைய கால்பந்துச் சட்டையைக் கொண்டுவந்தான். அது அவருக்குத் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு அன்று முழுவதும் பள்ளிக்கூடம் நடத்தினார். முதுகில் பெரிதாக ஒன்பது என்று எண் இருந்தது. பிள்ளைகள் அன்றைக்கு ஒன்பதாம் வாய்ப்பாட்டை வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னார்கள். நிக்கா மதியம் வீட்டுக்கு வந்து எம்பால் என்கிற மரவள்ளி அடையை மீன் குழம்பில் நனைத்துக்கொண்டே அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "சார் பாவம்," என்று மட்டும் சொன்னாள்.

மாலையில் கோயிலை ஒட்டிய கொட்டகையில் ஊர் கூடியது. தடைகளுக்குப் பொறுப்பு கமிலுஸ். லோனியின் அம்மாவோடு பிறந்தவர், ஆனால் இந்த விஷயத்தில் யாருக்கும் மாமா இல்லை. ஓலை கட்டியவர்களிடம் கேட்கவேண்டியதை வழக்கப்படி கேட்டார்.

"யார் கட்டினது?"

"நான், லோனி."

"எதுக்கு?"

"பள்ளிக்கூடம் மூடக்கூடாதுன்னு."

பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "நல்லாக் கட்டினா!" என்று பியாத்ரிஸின் குரல் தனியாகக் கேட்டது.

"சரி. எப்பத் திறக்கும்?"

அந்தக் கேள்வி வரும் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். தேங்காய்க்குக் கட்டும்போது காய் முற்றும் மாதத்தைச் சொல்வோம். கடலட்டைக்குக் கட்டும்போது காற்றுத் திரும்பும் காலத்தைச் சொல்வோம். கட்டும்போதே திறக்கும் நாளையும் சொல்லிவிடவேண்டும். சொல்லாமல் கட்டினால் அது தடை இல்லை, பறிப்பு. லோனி அதை மறந்தே போயிருந்தாள்.

"வேற வாத்தியார் வர்ற அன்னைக்கு," என்றாள்.

"அது எந்த நாள்?"

"எனக்கு எப்படி மாமா தெரியும்?"

"உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அனுப்பறவனுக்கும் தெரியாது. அப்ப அது நாள் இல்ல. நாளைச் சொல்லு."

"பரீட்சை அன்னைக்கு!" என்று பியாத்ரிஸ் எழுந்து கத்தினாள். "பரீட்சை முடிஞ்சதும் திறக்கும்னு சொல்லுடி. நாள் தெரிஞ்ச நாள்தானே!"

பல தலைகள் ஆடின. கமிலுஸ் லோனியைப் பார்த்தார். "கட்டினவ நீ. நீ சொன்னா ஊர் நிக்கும்," என்றார்.

அது உண்மை. அவள் 'பரீட்சை அன்று' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளை ரொமானுஸ் அந்தப் பெட்டியைத் தொடமாட்டான். யாரும் தொடமாட்டார்கள். தொப்புள் தெரியும் சட்டையோடு தூணில் சாய்ந்து நிற்கும் அந்த மனிதரும் ஓலைக்குக் கீழே குனியமாட்டார். வேலை போகும். குழந்தை இன்னும் சில மாதம் அப்பாவைப் பார்க்காது. நிக்கா தேர்வு எழுதுவாள். அவளுக்குக் கிடைக்க வேண்டியதெல்லாம் கிடைக்கும். தன் ஒரு சொல்லுக்கு இத்தனை பலம் இருப்பதைப் பார்த்து லோனிக்கு முதல்முறையாகப் பயமாக இருந்தது.

தேங்காய் மரத்துக்கு ஓலை கட்டினால் உள்ளே காய் முற்றுகிறது. காத்திருப்பதற்கு ஓர் அர்த்தம் உண்டு. இந்த மனிதரைக் கட்டிவைத்தால் இவருக்குள் என்ன முற்றும்? கசப்புதான். அந்தக் கசப்போடு சொல்லிக்கொடுத்த பாடத்தை நிக்கா எழுதவேண்டும். அதோடு நிக்கா தேறி ஒருநாள் படகேறும்போது, வேறு யாராவது ஓலையோடு கரையில் நின்றால் என்ன செய்வது? இவ்வளவும் ஒழுங்காக அவள் மனதில் ஓடவில்லை. சட்டை கட்டையாக இருப்பதால் சார் ஒரு கையால் அதைக் கீழே இழுத்துக்கொண்டே நிற்பதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலையில," என்றாள். "படகு வர்றப்ப."

கமிலுஸ் தலையை ஆட்டினார்.

"அப்ப எதுக்குடி கட்டுன?" என்றாள் பியாத்ரிஸ். குரல் உடைந்திருந்தது. "என் மவனுக்கு என்னடி பதில் சொல்லுவே?"

லோனி தலையைக் குனிந்துகொண்டாள். போகும் வழியில் செல்சுஸ் அவளோடு நடந்தான். வீட்டுப் படிக்கு வந்தபிறகு, "நல்லதுதான் சொன்ன," என்றான். அவளுக்கு அவனை அடிக்கவேண்டும்போல இருந்தது.

வியாழன் காலை கடல் அமைதியாக இருந்தது. கமிலுஸ் ஜெபம் சொல்லி ஓலையை அவிழ்த்தார். திறக்கும்போது கட்டியவர்தான் முதலில் உள்ளே போகவேண்டும், முதலில் ஒன்றை எடுக்கவேண்டும். எடுத்ததைத் திருப்பி வைக்கக்கூடாது. கடலில் என்றால் முதல் கடலட்டை, தோப்பில் என்றால் முதல் குலை. வாத்தியார் வீட்டில் எதை எடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. இதற்கு முன் யாரும் இப்படிச் செய்ததும் இல்லை.

லோனி உள்ளே போனாள். வாசலில் கூட்டம் எட்டிப் பார்த்தது.

"பாயை எடு!" என்றான் ரொமானுஸ். "பெட்டியை எடுத்துராத, எனக்குச் சுமைக்கூலி போயிடும்."

"தெர்மாஸை எடுத்துக்குங்க அக்கா," என்றார் சார் வெளியிலிருந்து. கோபம் இல்லாத குரல். "நல்லாச் சூடு நிக்கும்."

அவள் தெர்மாஸைப் பார்த்தாள். பக்கத்தில் மேசைமேல் ஆறாம் வகுப்பின் மாதிரித் தேர்வுத் தாள்கள் ஓர் அடுக்காக இருந்தன, காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு சோழி. முதல் சில தாள்களில் சிவப்பு மையில் மதிப்பெண் போட்டிருந்தது. மீதியில் எதுவும் இல்லை. நடுவில் நிக்காவின் கையெழுத்து தெரிந்தது. இந்தத் தாள்களை இனி யார் திருத்துவார்கள் என்று நினைத்தாள். அந்த நினைப்பு முடிவதற்குள் கை தாள்களை எடுத்துவிட்டிருந்தது.

வெளியே வந்ததும் ரொமானுஸ், "அதை வெச்சு என்ன பண்ணப் போறே, மீன் மடிக்கவா?" என்றான். சிலர் சிரித்தார்கள். கமிலுஸ் சிரிக்கவில்லை. "எடுத்தாச்சு. இனி அது உன்னுது," என்றார்.

அவர் அதைச் சொன்ன பிறகுதான் தான் எடுத்தது என்ன என்று லோனிக்கு உறைத்தது. சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய், வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, சிவப்புப் பேனாவோடு வந்தார்.

"ஒண்ணுதான் எடுக்கலாம்," என்றார் கமிலுஸ்.

"அவங்க எடுக்கலை. இது நான் குடுக்கறது."

படகுத்துறைவரை சார் பேசிக்கொண்டே வந்தார். வழி சரியாக இருந்து விடை தப்பானால் பாதி மதிப்பெண் போடவேண்டும். பியாத்ரிஸ் மகன் எழுத்தை விழுங்குவான், சத்தமாகப் படிக்கவைத்தால் சரியாகும். சின்னதுகளைக் காலையிலும் பெரியதுகளைப் பிறகும் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். லோனி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், பாதி காதில் ஏறவில்லை. "சார், நான் படிச்சு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?" என்றாள் கடைசியில்.

"இங்க வந்தப்ப நானும் பன்னண்டாவதுதான் அக்கா. மீதியைத் தபால்ல படிச்சேன்," என்றார். ரொமானுஸ் ஊதலை ஊதினான்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட மணியாக வாதாம் மரத்தில் தொங்கும் பழைய வாயு உருளையை லோனி இரும்புத் துண்டால் தட்டினாள். பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். மீதிப்பேர் அம்மாமாரின் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பியாத்ரிஸின் மகன் வந்திருந்தான். "அக்கான்னு கூப்பிடறதா, டீச்சர்னு கூப்பிடறதா?" என்று கேட்டான். "வாயை மூடிட்டு உக்காரு, அதுவே போதும்," என்றாள் லோனி. வகுப்பு சிரித்து அடங்கியது.

சின்னதுகள் பரவாயில்லை. ஆறாம் வகுப்புக்கு வந்ததும்தான் சிக்கியது. மூன்றில் இரண்டையும் நான்கில் ஒன்றையும் கூட்டவேண்டும். லோனி பலகையில் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, ஏழில் மூன்று என்று எழுதினாள்.

"டீச்சர், அப்படி வராது," என்றது ஒரு குரல்.

"ஏன் வராது?"

"மூணுல ரெண்டுங்கறதே பாதிக்கு மேல. ஏழுல மூணு பாதிகூட இல்ல. கூட்டினா எப்படிக் குறையும்?"

சொன்னவள் நிக்கா. அம்மா என்று கூப்பிடாமல் டீச்சர் என்று கூப்பிட்டது லோனிக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. பலகையைப் பார்த்தாள். பெண் சொல்வது சரிதான். ஆனால் சரியான வழி எது என்பது பன்னிரண்டாம் வகுப்போடு எங்கோ போய்விட்டிருந்தது.

"நாளைக்குப் பாப்போம்," என்றாள்.

"சாரும் அப்படித்தான் ஓடிப் போனாரு," என்றான் பியாத்ரிஸின் மகன்.

மதியம் அவளும் நிக்காவும் சின்ன வள்ளத்தில் முனைக்குப் போனார்கள். அங்கே போனால்தான் கைப்பேசிக்கு உயிர் வரும். வள்ளம் அலையில் ஆடியது. முதல் இரண்டு முறை அறுந்துபோய் மூன்றாவது முறை சாரின் குரல் கேட்டது. பின்னால் குழந்தை அழும் சத்தம்.

"தூக்கிட்டீங்களா சார்?"

"தூக்கிட்டேன் அக்கா. சட்டையை நனைச்சுட்டான்."

"அந்த வெள்ளைச் சட்டையா?"

"அதேதான்."

லோனி சிரித்தாள். பிறகு கணக்கைச் சொன்னாள். அவர் கீழே உள்ள எண்களை முதலில் ஒன்றாக்கவேண்டும் என்றார். மூன்றும் நான்கும் எதில் சேரும்? பன்னிரண்டில். அப்போது இரண்டு எட்டாகும், ஒன்று மூன்றாகும். பேச்சு அங்கேயே அறுந்தது. லோனி துடுப்பின் அகலத்தில் சிவப்புப் பேனாவால் எழுதப் பார்த்தாள். ஈர மரத்தில் மை பிடிக்கவில்லை, விரலில்தான் ஒட்டியது.

"விடும்மா," என்றாள் நிக்கா. "எனக்கு வந்துருச்சு. பன்னண்டுல பதினொண்ணு."

"எனக்கு இன்னும் வரலையே. நாளைக்கு நிக்கப் போறது நான்தானே."

நிக்கா துடுப்பை வாங்கிக்கொண்டாள். காற்று திரும்ப ஆரம்பித்திருந்தது, இனிமேல் எல்லா நாளும் முனைக்கு வரமுடியாது. புது வாத்தியார் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. வள்ளம் ஊர்ப் பக்கம் திரும்பியது.

"சரி, முதல்ல இருந்து சொல்லு," என்றாள் லோனி. "மெதுவா."